லாரி டீசல் கண்காணிப்புக் கருவி: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

டீசல் திருட்டைப் பிடிக்கத்தான் பெரும்பாலோர் இந்த டெலிமேட்டிக்ஸ் கருவியை (வண்டியின் தகவல்களைத் தொலைவிலிருந்தே காட்டுவது) வாங்குகிறார்கள். அந்த வேலையைச் சுமாராகச் செய்கிறது. வண்டி மேடேறும்போதும் பிரேக் போடும்போதும் டேங்கில் டீசல் சாய்வதைக்கூடச் சில சமயம் 'அளவு குறைந்தது' என்று எச்சரிக்கும். இன்ஜெக்டர் வழியே போன டீசலை இன்ஜின் கணினி தனியாகக் கணக்கு வைக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நம்பலாம்.

எங்களுக்கு இது உருப்படியாக உதவியது வேறு விஷயத்தில். மைலேஜை மட்டும் பார்த்தால் காலியாக ஓடும் வண்டிதான் முதல் பரிசு வாங்கும். 40 டன் ரக ட்ரெய்லர் காலியாகப் போனாலும் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டருக்குமேல் குடிக்கும். 25 டன் சரக்கோடு 32 லிட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம், டன்னுக்கு 1.3 லிட்டர்தான். அதே வண்டியில் பாதி லோடு போட்டால் மைலேஜ் கூடும், செலவு 27 லிட்டராக இறங்கும். ஆனால் டன்னுக்கு 2.2 லிட்டர்! டன்-கிலோமீட்டர் அறிக்கையை, அதாவது ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஆகும் டீசல் கணக்கை, திறந்த பிறகுதான் ரிட்டர்ன் லோடுக்காக (திரும்பி வரும்போது ஏற்றும் சரக்கு) அரை நாள் காத்திருக்கலாமா என்ற பேச்சே எங்களிடம் வந்தது.

சாலைச் சரக்குத் துறை முழுவதும் நடப்பதும் இதுதான். இன்ஜின்கள் நன்றாக மேம்பட்டிருக்கின்றன. நல்ல டீசல் இன்ஜின் இன்று எரிபொருள் ஆற்றலில் 45 சதவீதம் வரை வேலையாக மாற்றும். ஆனால் சரக்கும் பெருகிவிட்டது, சின்னச் சின்ன லோடாக அடிக்கடி அனுப்புவதும் கூடிவிட்டது. இன்ஜின் மிச்சம் பிடிப்பதை இவை தின்றுவிடுகின்றன.

வேக அறிக்கையும் பயனுள்ளது. 80-லிருந்து 90 கிலோமீட்டருக்குப் போனால் காற்றெதிர்ப்பு 27 சதவீதம் கூடும். ஐட்லிங் அறிக்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நின்றபடி இன்ஜின் ஓடினால் மணிக்கு 2, 3 லிட்டர் போகும், சரி. ஆனால் வெயிலில் டிரைவர் கேபினில் தூங்க ஏசி வேண்டாமா? அதற்கு அவரைத் திட்டுவதைவிட பேட்டரி ஏசி வாங்கிக் கொடுப்பது நல்லது. டயர் காற்றழுத்த எச்சரிக்கை ஒழுங்காக வேலை செய்கிறது.

மின்சார லாரியை இதே திரையில் சேர்த்தால் டீசல்காரர்களுக்குக் கொஞ்சம் வயிறு எரியும். கனரக வண்டி கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.2 முதல் 1.5 யூனிட்தான் எடுக்கும். 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டி எரிக்கும் ஆற்றலோ கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட். இறக்கத்தில் பேட்டரிக்குத் திரும்பும் மின்சாரமும் தனியாகத் தெரியும். ஆனால் பேட்டரி எடை டன் கணக்கில் இருப்பதால், ஏற்றக்கூடிய சரக்கு குறையலாம். அங்கேயும் டன் கணக்குப் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

கருவியில் எனக்குள்ள பெரிய குறை எடைதான். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) உள்ள வண்டிகளில் அச்சு எடை தானாக வந்துவிடுகிறது. பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய வண்டிகளுக்கு, எடைச் சீட்டைப் பார்த்து நாங்களே கையால் பதிய வேண்டியிருக்கிறது.