பியானோ ‘ரெகுலேஷன்’ முடிந்தது என்றால், பணம் கொடுக்கும் முன் ஒரு கீயைக் கழற்றிப் பாருங்கள்

அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோ ஒன்றுக்கு ‘ரெகுலேஷன்’, அதாவது கீகளும் உள் இயக்கமும் சீராக வேலை செய்யும்படி சரிசெய்யும் வேலை, என்று கீகளுக்கு அடியில் புது ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) போட்டு, கீ இறங்கும் ஆழத்தையும் சரிசெய்து தருவதாகச் சொன்னவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எல்லாம் சீராகத்தான் இருந்தது. இரண்டே மாதத்தில், அதிகம் வாசிக்கப்படும் நடுக் கீகள் 11 மில்லிமீட்டரைத் தாண்டி இறங்கின. ஓரத்துக் கீகள் 10-இலேயே நின்றன.

கழற்றினால், முன் ரெயிலின் (கீகளின் முன்முனைக்கு அடியில் ஓடும் கட்டையின்) ஊசிகளில் கிடந்தது கம்பளி ஃபெல்டே இல்லை. கைவினைக் கடைச் செயற்கைத் துணி. இரண்டு இழையைக் கொளுத்தினாலே தெரிந்துவிடும்: கம்பளி, முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும், செயற்கை இழை உருகி மணியாக உறையும். அதன் மேல் விசிட்டிங் கார்டுத் துண்டுகள் வேறு. ஆழத்தைச் சரிசெய்ய ஊசியில் கோக்கும் காகித வளையம் ஃபெல்டுக்கு அடியில்தான் போக வேண்டும். மேலே கிடந்தால் கீ இறங்கும்போதெல்லாம் ‘டக்’ என்று தட்டும்.

நல்ல கம்பளியும் புதிதில் அமுங்கத்தான் செய்யும். அதனால் வளையங்களைப் போட்டதும் ஒவ்வொரு கீயையும் பலமாகப் பலமுறை தட்டி ஃபெல்டைப் படிய வைத்த பிறகே ஆழத்தை அளக்க வேண்டும். சில வாரம் வாசித்தபின் மறுபடி சரிபார்க்க வருவதும் பேசிய கூலிக்குள் அடங்க வேண்டும். கீயின் பின்முனை தங்கும் பின் ரெயில் ஃபெல்டும் அமுங்கும். அப்போது கீயின் பின்முனை தாழ்ந்து, கீயின் அசைவைக் கம்பிக்குக் கொண்டுபோகும், மேலே உள்ள ஆக்‌ஷனோடு இடைவெளி விழுந்து, தொடுகை தொளதொளக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில், கீ ஊசலாடும் நடு ரெயிலில் காகிதம் சேர்த்தோ எடுத்தோ வெள்ளைக் கீகளின் மட்டம். அதன் பிறகே ஆழம். மட்டத்தைப் பின்னால் தொட்டால் அளந்த ஆழம் வீண்.

சோதிப்பது எளிது. கீயை மெதுவாக அழுத்துங்கள். ஹேமர் (கம்பியைத் தட்டும் சுத்தியல்) கம்பிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் முன்பே விடுபட்டுத் திரும்ப வேண்டும்; அதன் பிறகும் கீ சுமார் 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். இந்தக் கடைசி மிச்சம் இல்லையென்றால் ஹேமர் சரியாக விடுபடாது, ஒரே சுரத்தை வேகமாகத் திருப்பி வாசிக்க வராது. மிச்சம் கூடிப்போனால் விரல் ஓய்ந்துவிடும். கறுப்புக் கீயை முழுதும் அழுத்தினாலும் அது வெள்ளைக் கீயின் மட்டத்துக்குக் கீழே புதையக் கூடாது.

முன் ரெயில் வளையத்துக்குப் பசையே கூடாது. இங்கே 88 கீகளுக்கும் சூப்பர் க்ளூ வைத்திருந்தார். இப்போது ஊசி வளையாமல், மரம் கீறாமல் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.