பிரளயம் சாயங்காலம்தான் வந்தது: கும்பகோணத்தில் ஒரு நாள் வேன் பயணம்

கும்பகோணத்தில் 'படைப்புத் தலங்கள்' என்று ஒரு நாள் பயணம் நடத்துகிறார்கள். ஆளுக்கு 1,400 ரூபாய், ஏசி வேன், மதியச் சாப்பாடு உண்டு, வழியெல்லாம் கதை சொல்ல ஆள் உண்டு. அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை, அதனால் பெயரைப் பார்த்ததுமே பணம் கட்டிவிட்டேன். நடத்துகிறவர்கள் பெயரைப் போடப்போவதில்லை, இதே மாதிரி இன்னும் சிலர் ஓட்டுகிறார்கள், குறையும் பொதுவானதுதான் என்று நினைக்கிறேன்.

குறை என்னவென்று புரிய ஊர்க் கதை தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். யுகம் முடிந்து பிரளயம் வரப்போகிறது, எல்லாம் அழிந்தால் திரும்ப எதை வைத்துப் படைப்பது என்று பிரம்மன் சிவனிடம் போய் நிற்கிறார். புண்ணியத் தலங்களின் மண்ணை எடுத்து அமுதத்தில் பிசைந்து ஒரு குடம் செய், அதில் படைப்பின் விதைகளையும் வேதங்களையும் அமுதத்தையும் வை, மாவிலை, தேங்காய், தர்ப்பை, பூணூல் எல்லாம் சாத்தி உறியில் கட்டி மேருமலையில் வை என்கிறார் சிவன். வெள்ளம் குடத்தைத் தூக்கித் தெற்கே கொண்டுவருகிறது. மேலே இருந்த பொருள்கள் காற்றில் ஒவ்வொன்றாக விழுகின்றன, குடம் ஓரிடத்தில் தங்குகிறது, சிவன் வேடனாக வந்து அம்பு விட்டு உடைக்கிறார், அமுதம் வழிந்து குளமாகிறது, அமுதத்தில் நனைந்த மணல் லிங்கமாகிறது. அப்புறம் படைப்பு ஆரம்பம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கதை முழுவதும் நிலத்தில் எழுதி வைத்திருப்பதுதான். வில்வம் விழுந்த இடம் நாகேஸ்வரன் கோயில், உறி விழுந்தது சோமேஸ்வரர், தேங்காய் அபிமுகேஸ்வரர், பூணூல் கௌதமேஸ்வரர், அம்பு விட்ட இடம் பாணத்துறை, உடைந்த குடத்தின் வாய் போய் விழுந்தது குடவாசல், நடுப்பாகம் சாக்கோட்டை, அதாவது பழைய கலயநல்லூர். மற்ற ஊர்களில் படைப்புக் கதையைப் படிக்கத்தான் முடியும், இங்கே நடக்கலாம். நடப்பதென்றால் வரிசையாக நடக்க வேண்டும் இல்லையா?

காலை ஏழரைக்கு வேன் முதலில் நின்ற இடம் மகாமகக் குளம். அதாவது கதையின் கடைசி வரி. அமுதம் ஏற்கெனவே வழிந்து முடிந்து 6 ஏக்கர் குளமாகக் கிடக்கிறது. கதை சொல்லும் இளைஞர் இங்கே நன்றாகவே பேசினார், குறை சொல்ல மாட்டேன். நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கரையில் கட்டிய 16 மண்டபங்கள், குளத்துக்குள்ளேயே இருக்கும் 20 கிணறுகள், குரு சிம்மத்தில் இருக்கும்போது வரும் மாசி மகம்தான் மகாமகம், 2016க்கு அடுத்தது 2028 என்று எல்லாம் சரியாகச் சொன்னார்.

அடுத்து கும்பேஸ்வரர். அதாவது குடம் உடைந்து லிங்கமும் ஆகிவிட்டது. மணல் லிங்கம் என்பதால் இங்கே தண்ணீர் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துவார்கள். இதை அவர் சொல்லவே இல்லை, பக்கத்தில் நின்ற அம்மா சொல்லித்தான் வேனில் வந்த மற்றவர்களுக்குத் தெரிந்தது. வேடன் உருவில் கிராதமூர்த்திக்கு உள்ளேயே சந்நிதி இருக்கிறது, கதையின் நாயகனே அவர்தான், அதையும் தாண்டி விறுவிறுவென்று கூட்டிக்கொண்டு போனார். கல் நாதஸ்வரத்துக்கு மட்டும் பத்து நிமிஷம்.

அங்கிருந்து சாக்கோட்டை, குடவாசல். நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்று ஒரே ஓட்டம். குடவாசல் போகும் வழியில் அம்மா டிரைவரைக் கேட்டேவிட்டார்: "ஏந்தம்பி, இன்னும் பிரளயமே வரலியே, அதுக்குள்ள குடத்த ஒடச்சிட்டீங்க?" அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சாயங்காலம் வந்துரும்மா" என்றார். வேனே சிரித்தது.

சாயங்காலம் வரவும் செய்தது. சாப்பாடு (சுமார், இந்த ஊரில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பா கேட்டதற்கு அது காலையில்தான் என்றார்கள்) முடிந்து நாலு மணிக்கு மேல் பாணத்துறை, நாகேஸ்வரன், கடைசியாக ஊருக்கு வடமேற்கே திருப்புறம்பியம். பிரளய வெள்ளம் உள்ளே வராமல் புறம்பே நின்றதால் அந்தப் பெயர் என்பது தலவரலாறு. நிறுத்தியவர் பிரளயம் காத்த விநாயகர். கிளிஞ்சல், நத்தைக்கூடு மாதிரி கடல் பொருள்களால் ஆன உருவம் என்கிறார்கள். விநாயகர் சதுர்த்தி இரவு மட்டும் விடிய விடியத் தேன் அபிஷேகம், மற்ற நாளில் எந்த அபிஷேகமும் இல்லை. கதையை இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்! காலை வெயிலில், வாய்க்காலும் வயலுமாக இருக்கும் அந்த வழியில் வந்து, 'இதோ இதுவரைக்கும் தண்ணீர்' என்று சொல்லியிருந்தால் அன்றைய நாளே வேறு மாதிரி இருந்திருக்கும். நாங்கள் போனபோது இருட்டிவிட்டது, எல்லோருக்கும் கால்வலி, ரயிலுக்கு நேரமாகிறது என்று ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். இதே ஊரில்தான் ஒன்பதாம் நூற்றாண்டில் சோழர்கள் தலையெடுக்கக் காரணமான போர் நடந்தது, கங்க மன்னன் பிருதிவீபதி செத்து விழுந்த மண் இது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொரு விஷயம். குடம் உடைந்ததுதான் விஞ்ஞானிகள் சொல்லும் பெருவெடிப்பு, நோவாவின் கப்பல் கதையே இங்கிருந்து போனதுதான் என்று மைக்கில் ஒரு உரை ஓடியது. வேண்டாமே. மெசொப்பொத்தேமியாவின் களிமண் பலகைகளிலும் பிரளயமும் படகும் உண்டு, அவர்கள் கதை அவர்கள் ஆற்றிலிருந்து வந்தது, நம் கதை காவிரியிலிருந்து. அங்கே படகில் மனிதரும் விலங்கும் ஏறித் தப்பிக்கிறார்கள், இங்கே ஒருவரும் தப்பிப்பதில்லை, விதை மட்டும் மிதக்கிறது. விதைநெல்லைக் குதிரில் பத்திரப்படுத்தும் ஊர்க்காரன் அப்படித்தான் யோசிப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வித்தியாசத்தைச் சொன்னாலே போதும், யார் முதலில் என்ற சண்டை எதற்கு?

அப்புறம், பயணத்துக்குப் பெயர் படைப்புத் தலங்கள், ஆனால் படைத்தவர் பட்டியலிலேயே இல்லை. ஊருக்குள்ளேயே வேதநாராயணப் பெருமாள் கோயிலில் பிரம்மனுக்குச் சந்நிதி இருக்கிறது, ஊரே அதைப் பிரம்மன் கோயில் என்றுதான் சொல்லும். கேட்டதற்கு, "அங்க வேன் நிறுத்த இடம் இல்ல சார்" என்றார்கள்.

மறுநாள் நானும் அம்மாவும் ஓர் ஆட்டோ பேசினோம், 700 ரூபாய். ஊருக்குள் மட்டும், ஆனால் வரிசை எங்களுடையது: பிரம்மன் கோயில், நாகேஸ்வரன், சோமேஸ்வரர், அபிமுகேஸ்வரர், கௌதமேஸ்வரர், பாணத்துறை, கும்பேஸ்வரர், கடைசியில் குளம். அத்தனையும் மதியம் நடை சாத்துவதற்குள் முடிந்தது.

வேனுக்கு ஐந்தில் இரண்டு. அந்த இரண்டும் டிரைவருக்கு. சாக்கோட்டை, குடவாசல் வரை போக வேண்டும், பஸ் மாறி அலைய முடியாது என்றால் போய் வாருங்கள், ஆனால் திருப்புறம்பியத்தை முதலில் வைக்கச் சொல்லிப் பணம் கட்டும்போதே கேளுங்கள். ஆட்டோக்காரருக்கு ஐந்துக்கு ஐந்து. பாணத்துறையில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா, "இங்கேருந்து கும்பேஸ்வரர் கோயிலுக்கு எவ்வளவு நேரம் தம்பி?" என்று கேட்டார். "அம்புக்கு நொடிம்மா, நமக்கு ஒன்வே இருக்கு, சுத்தித்தான் போவணும்."