நரம்புக்கான ஜீன் டெஸ்ட்: 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டை அப்படியே நம்பாதீர்கள்

பரம்பரை நரம்புக் கோளாறுக்காக ஜீன் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

என் தங்கைக்கு நடக்கும்போது செருப்பு கழன்று போவதே தெரியாது. அப்பாவுக்கும் அத்தைக்கும் கெண்டைக்கால் சூம்பியிருக்கும். நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட்டில் தங்கையின் கை நரம்பில் சிக்னல் ஓடும் வேகம் நொடிக்கு 22 மீட்டர்தான். 50 அளவில் இருக்க வேண்டியது. கை கால் நரம்புகளைப் பாதிக்கும் பரம்பரை நோயான சார்கோ-மேரி-டூத் (சிஎம்டி) ஆக இருக்கலாம், ஜீன் டெஸ்ட் எடுங்கள் என்றார் டாக்டர்.

ஒரு தனியார் லேப் ஆள் வீட்டுக்கே வந்தார். "எக்ஸோம் டெஸ்ட் சார், எல்லா ஜீனையும் பார்த்துடுவோம்." முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். ரிப்போர்ட் நெகட்டிவ். போனில் பேசிய கவுன்சலர், "பரம்பரையா எதுவும் இல்ல, தாராளமா வரன் பாருங்க" என்றார். வரனைப் பற்றி அவரிடம் யார் கேட்டது?

வேறொரு நரம்பியல் மருத்துவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இதுல டூப்ளிகேஷன், அதாவது ஜீன் பிரதி கூடியிருக்கான்னு பார்க்கவே இல்லையே" என்றார். இந்த நோயில் மிகப் பரவலான வகை சிஎம்டி1ஏ. அதில் ஜீனின் டிஎன்ஏ எழுத்துகளில் பிழை இருக்காது. 17-வது குரோமோசோமில் பிஎம்பி22 ஜீன் உள்ள துண்டு ஒரு பிரதி கூடுதலாக இருக்கும். இரண்டுக்குப் பதில் மூன்று. 1991-லேயே கண்டுபிடித்த விஷயம் இது. எக்ஸோம் டெஸ்ட், ஜீன்களில் புரதம் செய்யும் பகுதிகளின் எழுத்துகளைப் படிக்கும். பிரதிகளை எண்ணத் தனிக் கணக்கீடு செய்யாவிட்டால் இதைத் தவறவிட்டுவிடும். எண்ணுவதற்கென்றே எம்எல்பிஏ என்ற டெஸ்ட் இருக்கிறது, விலையும் குறைவு. நரம்பு வேகம் இவ்வளவு குறைந்து, அப்பாவிடமிருந்து மகளுக்கு வந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். பார்த்தோம். மூன்று பிரதி.

லேப்பில் கேட்டால், "கடைசிப் பக்கத்துல போட்டிருக்கோமே" என்கிறார்கள். ஆமாம், பொடி எழுத்தில், பெரிய டூப்ளிகேஷன், டெலிஷன் (துண்டு விடுபட்டிருப்பது) இதில் அடங்காது என்று. எக்ஸோமைக் குறை சொல்லவில்லை. இதே நோயின் மற்ற வகைகளைத் தரும் ஜிஜேபி1, எம்பிஇசட், எம்எஃப்என்2 ஜீன்களில் எழுத்துப் பிழை இருந்தால் அது காட்டும். 'எல்லாம் பார்ப்போம்' என்று விற்றதுதான் மோசடி. பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.

பணம் கட்டும் முன், பிஎம்பி22 டூப்ளிகேஷன் பார்ப்பீர்களா, எந்த முறையில் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. சிஎம்டி1ஏ உள்ளவர்களுக்குப் புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் கொடுத்தால் கை கால் கடுமையாகச் செயலிழக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. அதனால் அத்தை பிள்ளைகளிடம், தங்கையின் பழைய நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பாமல் எம்எல்பிஏ எடுக்கச் சொல்லியிருக்கிறோம்.