14,800 ரூபாய்க்கு வந்த 'புது' கன்வெர்ட்டர்: உள்ளே வெறும் கம்பி நார். கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆன்லைனில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஒரு தளத்தில், அங்கே கடை போட்டிருக்கும் ஒரு விற்பனையாளரிடம் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் (இன்ஜின் புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்) பின்னால் வரும் சைலன்சர் பைப்பும் சேர்ந்த செட் வாங்கியதில் 14,800 ரூபாய் போய்விட்டது. பழைய கன்வெர்ட்டரும் போய்விட்டது.

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் கார், பிஎஸ்4 புகை விதிப்படி வந்தது. பிக்கப் சுத்தமாக இல்லை, 3000 ஆர்பிஎம்முக்கு மேல் இன்ஜின் திணறியது. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார்கள் இருக்கும். முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டினால் அடைப்பு தெரிந்துவிடும். நல்ல கன்வெர்ட்டரில் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) ஒன்றரை பிஎஸ்ஐக்குள், 2500 ஆர்பிஎம்மில் மூன்றுக்குள் காட்டும். இதில் 2500-ல் எட்டு. மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் மிஸ்ஃபயர் ஆகி, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் செராமிக் தேன்கூட்டை உருக்கியிருந்தது. முதலில் காயிலை மாற்றியாயிற்று. அதை விட்டுவிட்டுப் புது கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் உருகும்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரையும் பிடிப்பது அங்கேதான். விற்பனையாளர் சேசிஸ் நம்பர் கேட்டார். புகை விதி யூரோ எத்தனை, சென்சார் ஒன்றா இரண்டா, குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சில் போல்ட் இரண்டா மூன்றா என்று விஷயம் தெரிந்தவர் போலக் கேட்டார். முன்பக்க வாய்க்குள் டார்ச் அடித்து தேன்கூடு தெரிகிற மாதிரி வீடியோ அனுப்பினார். "பழசை அனுப்பிடுங்க சார், 2,000 குறைச்சுக்கறோம்" என்றார். அந்தக் கழிவு போகத்தான் 14,800. பழசில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. அடைத்துப்போனாலும் உருகினாலும் அந்த உலோகம் அதிலேயே கிடக்கும். அதனால்தான் அவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறார்கள்.

மாட்டியதில் குறை சொல்ல இடமே இல்லை. வண்டி நன்றாக ஆறிய பிறகு, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, கேஸ்கட் இரண்டும் புதிதாகப் போட்டு, ரப்பர் ஹேங்கரில் தொங்கவிட்டு, எல்லா போல்ட்டையும் கையால் திருகி நேர் பார்த்த பிறகே முன்னாலிருந்து பின்னால் முறுக்கியது. சென்சார் 22 எம்எம் ஸ்பானரில், சுமார் 40 நியூட்டன் மீட்டருக்கு. எங்கும் கசிவு இல்லை.

பிக்கப் உடனே வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும், உள்ளே தடுக்க எதுவும் இல்லையே! கொஞ்ச தூரம் ஓடியதும் இன்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0420, அதாவது கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு. வேலை செய்கிற கன்வெர்ட்டரில் பின் சென்சாரின் வோல்டேஜ் 0.6, 0.7 என்று நிலையாக நிற்கும். இதிலோ முன் சென்சாரைப் போலவே 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஆடியது. புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 1.1 சதவீதம். பிஎஸ்4 பெட்ரோலுக்கு ஐடிலில் வரம்பு 0.3 சதவீதம். கழற்றி, குழாய் கேமராவைப் பின்பக்கமாக விட்டுப் பார்த்தால் வாயருகே இரண்டு அங்குலத்துக்குத் தேன்கூடு, வீடியோவில் காட்டிய அதே துண்டு. அதற்குப் பின்னால் ஓட்டை போட்ட குழாயும் அதைச் சுற்றிப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும். இதற்கு 14,800 ரூபாய்!

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "சென்சார் போயிருக்கும், மாத்திப் பாருங்க". அடுத்து "வீட்ல மாட்டினா வாரண்டி கிடையாது, சர்வீஸ் சென்டர் பில் வேணும்". கேமரா படத்தை அனுப்பியதும், "ஒரு ஸ்பேசர் அனுப்பறோம் சார், 600 ரூபாய்தான், லைட் அணைஞ்சிடும்". ஸ்பேசர் என்பது பின் சென்சாரைப் புகை ஓட்டத்திலிருந்து வெளியே தள்ளி வைக்கும் துண்டு. லைட் அணையும், புகை அப்படியேதான் வரும். ஏமாற்றிய பொருளை மறைக்க இன்னொரு ஏமாற்றை, அதுவும் காசுக்கு விற்கிறார்கள். தளத்தில் புகார் கொடுத்தால் "பொருத்திய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை" என்ற ஒரே பதில். பொருத்தாமல் எப்படித் தெரியும்? பழசைத் திருப்பிக் கேட்டதற்கு அது "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு".

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில.

பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். மாட்டும் முன் இரண்டு பக்கத்திலிருந்தும் கேமரா விட்டுப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்தால் போதாது.

வெளித்தகட்டில் காந்தம் ஒட்டுவதையோ ஒட்டாததையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல சைலன்சர்களில் வரும் 409 ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டும்.

புதுசு வேலை செய்கிறது என்று ஸ்கேனர் சொல்லும்வரை பழசைக் கைவிடாதீர்கள்.

பணம் போய்விட்டால் 1915-ல் நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. இந்த 14,800-க்கும் புகார் போயிருக்கிறது.