மணிமுத்தாற்றை வரைபடமாக்க கியூஜிஐஎஸ், கியூஃபீல்ட், சென்டினல்: சில வருட அனுபவம்

தலைப்பில் உள்ள மணிமுத்தாறு திருநெல்வேலிப் பக்கத்து அணை அல்ல. சிவகங்கைச் சீமையில் அடைமழைக்கு ஓடிவிட்டு, மிச்ச மாதங்களில் மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கும் ஆறு. அதில் எங்கே மணல்திட்டு, எங்கே மடு, எது பழைய கரை, எதில் என்ன முளைத்திருக்கிறது என்று சில வருடங்களாகக் குறித்து வருகிறேன். கணினியில் வரைபடம் வரைய கியூஜிஐஎஸ் மென்பொருள், ஆற்றில் நின்றே குறிக்கக் கைபேசியில் அதன் துணைச் செயலியான கியூஃபீல்ட், மேலிருந்து பார்க்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். மூன்றுக்கும் காசு கிடையாது.

மென்பொருளை விட, ஆற்றில் பார்ப்பதை எந்தெந்த வகையாகப் பிரித்து எழுதுவது என்ற வகைப்பாட்டு முறைதான் தலைவலி. பிரிட்டனின் ரிவர் ஹேபிடட் சர்வே ஒழுங்கான முறை. 500 மீட்டர் நீளம் எடுத்து, 50 மீட்டருக்கு ஓர் இடமாகப் பத்து இடங்களில் நின்று குறிக்க வேண்டும். ஆனால் தண்ணீர் சலசலத்து ஓடுகிறதா, அலையில்லாமல் வழிகிறதா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்கும். பங்குனி மாதம் தேவகோட்டைப் பக்கம் நின்றுகொண்டு இதற்கு என்ன எழுதுவது?

இத்தாலிய ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கிய ஜியுஎஸ் (GUS) என்ற ஆற்று நிலவடிவ வகைப்பாட்டு முறை நமக்குத் தோது. அது நிலவடிவத்தைப் பெரிய அலகு, அலகு, உட்பிரிவு என்று அடுக்குகிறது. மணல்திட்டு, தீவு, கரையோரப் படிமேடை எல்லாம் தண்ணீர் வற்றினாலும் அடையாளம் காணக்கூடியவை. படத்திலிருந்து பெரிய அலகு, நடந்துபோய் உட்பிரிவு என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

அப்படியே எடுத்தாலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. கருவேலம் மூடிய மணல்திட்டை என்னவென்று எழுதுவது? திட்டு என்றால் மரம் விடுபடுகிறது, காடு என்றால் திட்டு விடுபடுகிறது. அதனால் அட்டவணையில் வடிவத்துக்கு ஒரு பத்தி (column), மேலே வளர்ந்திருப்பதற்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக வைத்துக்கொண்டேன். மரத்தை வெட்டினால் இரண்டாவது பத்தி மட்டும் மாறும். கோரை, நாணல், மருதம், பனை எல்லாம் அதில்தான். வேறு எதை மாற்றினாலும் இதை மாற்ற மாட்டேன்.

சென்டினல்-2 பற்றி: கண்ணுக்குத் தெரியும் நிறங்களிலும் அண்மை அகச்சிவப்பிலும் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். ஆறு அகலமான இடங்களில் தாராளம், குறுகிய ஓடையில் கரையும் படுகையும் ஒரே புள்ளிக்குள் போய்விடும். கலங்கல் தண்ணீரைப் பிரிக்க குறு அலை அகச்சிவப்பு உதவும், ஆனால் அது 20 மீட்டர். மழை மாதங்களில் மேகம்தான் மிச்சம். ஜனவரியில் தண்ணீர் நிற்கும் மடுக்கள் தெளிவாக விழும். கருவேலத்துக்கு ஏப்ரல் கடைசி அல்லது மே மாதப் படம் எடுங்கள். நெல்லும் புல்லும் காய்ந்த பிறகும் அது மட்டும் பச்சையாக நிற்கும், பிரிப்பது சுலபம். ஜனவரிப் படத்தில் அதையே செய்தால் வயலும் கருவேலமும் ஒன்றாகக் குழம்பும்.

இலவச உயர வரைபடங்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். கோப்பர்நிக்கஸ் என்ற 30 மீட்டர் உயர வரைபடம் தரையை அல்ல, மர உச்சியும் சேர்ந்த மேற்பரப்பை அளந்தது. அடர்ந்த கருவேலம் நிற்கும் படுகை அதில் மேடாகத் தெரியும், தண்ணீர் அதைச் சுற்றிப் போவதாகக் கணக்கு வரும். நம் ஊர்ச் சரிவோ அதிகமில்லை. கண்மாய் வரத்துக்கால்களைப் படத்தைப் பார்த்துக் கையாலேயே வரைகிறேன்.

கியூஃபீல்டில் மிகவும் பிடித்தது இணையம் இல்லாமலே வேலை செய்வது. கியூஜிஐஎஸ்ஸில் செய்த படிவம் அப்படியே கைபேசிக்கு வரும், பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம், புகைப்படமும் அந்த இடத்தோடேயே சேரும். வரைபடத் தரவுக் கோப்பை ஜியோபேக்கேஜ் என்ற வடிவத்தில் வையுங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும் என்பதால் 'மணல்திட்டு' என்ற சொல்லே உள்ளே போகாது. ஜியோபேக்கேஜில் தமிழிலேயே எல்லாம் எழுதுகிறேன், இதுவரை சிக்கல் இல்லை.

குறைகள் உண்டு. மர நிழலில் ஜிபிஎஸ் தள்ளாடும், திட்டின் விளிம்பை நடந்து வரைந்தால் கோடு கோணல்மாணலாக வரும். அதனால் நான்கைந்து புள்ளி மட்டும் குத்திக்கொண்டு, விளிம்பை வீட்டில் படத்தின் மேல் வரைகிறேன். வெயிலில் திரை தெரியாது, பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும், பவர்பேங்க் அவசியம்.

அப்புறம், எந்தப் படமும் சொல்லாத ஒன்றுக்கு ஆடு மேய்க்கும் கீதாரிகளைக் கேளுங்கள். எந்த மடு சித்திரை வரை வற்றாது என்பது ஆட்டுக்குத் தண்ணி காட்டுகிறவருக்குத்தான் தெரியும். "அந்த மருத மரத்தடிய தோண்டிப் பாருங்க தம்பி, முழங்கை ஆழத்துல ஊறும்" என்றார் ஒருவர். ஊறியது. படத்தில் அது வெறும் மணல். இப்போது படிவத்தில் 'ஊற்று' என்று ஒரு வகையும், யார் சொன்னது என்பதற்கு ஒரு கட்டமும் இருக்கின்றன.