பாராந்திக் 10%: பன்றி இறைச்சியில் நாடாப்புழுக் கட்டிகளுக்கு ஒரு வேளை மருந்து

மேற்கு கென்யாவின் புசியா, தான்சானியாவின் எம்பேயா போன்ற பகுதிகளில் பன்றிகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கும் வீடுகளுக்கு உகந்த மருந்து இது. மொராக்கோ தயாரிப்பு, உள்ளிருப்பது ஆக்ஸ்ஃபெண்டசோல் என்னும் புழுக்கொல்லி. ஒரே வேளை வாய்வழி மருந்தில் தசையிலுள்ள கட்டிகள், அதாவது நாடாப்புழுவின் இளம்புழுப் பைகள், சாகின்றன. மூளையிலுள்ளவை தப்பிவிடலாம்.

அளவு உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி., அதாவது 0.3 மி.லி. தராசு இல்லாத ஊரில் எடையைக் கண்ணால் மதிப்பிடுவதுதான் பெரிய தவறு. மருந்து குறைந்தால் கட்டிகள் பிழைத்துக்கொள்ளும். அளவு நாடா போதும்: மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் மீட்டரில் அளந்து, சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தாலும் 69.3 ஆலும் பெருக்கினால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 0.8, நீளம் 0.9 என்றால் ஏறக்குறைய 40 கிலோ, மருந்து 12 மி.லி.

மருந்து அடியில் படியும், நன்றாகக் குலுக்க வேண்டும். பன்றி அலறும்போது ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கன்னத்தோரம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

குறை ஒன்று உண்டு. செத்த கட்டிகள் கரைய வாரக்கணக்காகும். உடனே அறுத்தால் கறி பார்வைக்கும் ஆகாது, மருந்தெச்சமும் இருக்கும். லேபிளிலுள்ள காத்திருப்புக் காலத்தைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். மனித மலத்திலிருந்தே நாடாப்புழு முட்டைகள் பன்றிக்குப் போகின்றன. அதே முட்டைகள் மனிதருக்கு வலிப்பு தருகின்றன. கழிப்பறை இல்லாத இடத்தில் இம்மருந்து பாதி வேலைதான்.