சிறுமலை வரைக்கும் தனியா: என் சைக்கிளும் டென்ட்டும் எப்படி உழைக்குது

காரைக்குடியிலருந்து மலைக்கு சைக்கிள்ல போகணும்னா ரெண்டு வேற வேற ஊருக்கு ஒரே வண்டிய தயார் பண்ற மாதிரி, நம்ம பக்கம் வெயிலும் கருவேல முள்ளும், அங்க ஏத்தமும் பனியும். எங்க கேட்டாலும் லைட் வெயிட்டா வாங்குங்கன்னு தான் சொல்றாங்க, ஆனா வருஷக்கணக்கா லோடு கட்டி ஓட்டிட்டு சொல்றேன், நமக்கு வெயிட் எல்லாம் அப்புறம், மொதல்ல டயர், அதுக்கடுத்து கியர்.

நான் போற ரூட் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், அங்கருந்து திண்டுக்கல் ரோட்டுல சிறுமலை பிரிவு. மலை ஏறுறதையும் சேத்தா 100 கிலோமீட்டர் தாண்டிரும், அதனால கருக்கல்லயே கெளம்பிருவேன், அதுவும் மார்கழி, தை மாசத்துல மட்டும் தான். சிங்கம்புணரி பக்கம் போறப்ப பாரியோட பறம்பு மலைன்னு சொல்ற பிரான்மலை கண்ணுல படும், அத பாத்தாலே காலுக்கு ஒரு தெம்பு வந்துரும்.

டயர் 26 இஞ்ச், கிட்டத்தட்ட 2 இஞ்ச் அகலம், உள்ள டியூப்ல சீலன்ட், அதாவது ஓட்டைய தானா அடைக்கிற திரவம், ஊத்தியிருக்கேன், டயருக்கும் டியூப்புக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் பட்டையும் உண்டு. சீமைக் கருவேல முள்ளு சாதாரணமில்ல, காஞ்சதுன்னா ஆணிதான், பஸ்ஸுக்கு ஒதுங்குறேன்னு ரோட்டு ஓரம் எறங்குனா ஏறிரும். திருப்பத்தூர் தாண்டி ஒருதடவ பின் டயர்ல முழு முள்ளும் எறங்கியிருந்துச்சு, புடுங்குனதும் புஸ்ஸுன்னு பச்சையா நொரை வந்துச்சு, ஓட்டைய கீழ் பக்கமா கொண்டுவந்து கொஞ்ச நேரம் வச்சு அப்புறம் சக்கரத்த சுத்திவிட்டேன், சத்தம் நின்னுபோச்சு, லேசா காத்தடிச்சுட்டு கெளம்பிட்டேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, நம்ம வெயிலுக்கு சீலன்ட் சில மாசத்துலயே உள்ள காஞ்சு கட்டியாயிரும். எங்க ஊர் சைக்கிள் கடை அண்ணன் "தம்பி, ஊத்துனோம் முடிஞ்சுதுன்னு இருக்காதீங்க, சீசனுக்கு முன்னாடி ஒருதடவ பாத்துருங்க"ன்னு சொன்னாரு, அதத்தான் இன்னைக்கும் செய்யுறேன்.

இப்ப கியர். சிறுமலை ரோட்டுல 18 கொண்டை ஊசி வளைவு. எனக்கு பெடல் பக்கம் சின்ன பல் சக்கரம் 22 பல்லு, பின் வீல்ல பெரிய பல் சக்கரம் 34 பல்லு. பெடல் ஒரு சுத்து சுத்துனா வண்டி சுமாரா 1.3 மீட்டர் தான் நகரும், நிமிஷத்துக்கு 60 சுத்துன்னா மணிக்கு 5 கிலோமீட்டர் கூட வராது, நடக்குற வேகம் தான், ஆனா டென்ட், தண்ணி, சாப்பாடு எல்லாம் கட்டிக்கிட்டு மூச்சு வாங்காம உக்காந்தே ஏறலாம். ரோடு பைக்ல வர்ற பசங்க சர்ருனு தாண்டிப் போவாங்க, போகட்டும், லோடு வண்டிக்கு இந்த 22, 34 தான் உயிர். வளைவுல உள்பக்கம் ஏத்தம் ரொம்ப செங்குத்து, எதிர்ல வண்டி வரலைன்னு தெரிஞ்சா மட்டும் கொஞ்சம் வெளிய தள்ளி ஏறுனா முட்டி தப்பிக்கும்.

மேல தங்குறது தோட்டக்காரங்ககிட்ட கேட்டு அவங்க எடத்துல மட்டும் தான். காப்புக்காட்டுல அனுமதி இல்லாம டென்ட் போடக்கூடாது, காட்டு மாடு வேற நடமாடும், அதனால இருட்டுறதுக்குள்ள போய்ச் சேந்துருங்க. நெருப்பு மூட்டவே மாட்டேன். 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத் தீயில இருபது பேருக்கு மேல செத்தத நெனச்சா இப்பவும் மனசு பதறுது. ராத்திரிக்கு ஆத்தா கட்டிக் குடுத்த புளிச்சோறு, தொட்டுக்க அப்பளம், கூடவே அங்க வாங்குன மலை வாழைப்பழம், அந்தச் சின்ன பழத்தோட வாசமே தனி.

டென்ட் ரெண்டு லேயர், உள்ள வலை, மேல ஷீட். ஒத்த லேயர்னா நாம விடுற மூச்சு குளுந்த ஷீட்டுல பட்டு தண்ணியாகி விடியக்காலம் மூஞ்சிலயே சொட்டும். ரெண்டு லேயர்ல வெளி ஷீட் தான் நனையும், நாம காஞ்சு கெடப்போம். காலைல அத ஒதறுனா மழை மாதிரி கொட்டும், ஈரத்தோடவே சுருட்டிட்டு வந்து வீட்டுல வளவுத் தாழ்வாரத்துல கொடி கட்டிக் காயப்போடுவேன். மொட்டமாடி வெயில்ல மட்டும் போட்றாதீங்க, துணி நைஞ்சு பூச்சு உரிஞ்சுரும். நம்ம செம்மண் புழுதியில ஜிப் இறுகுனா மெழுகுவத்திய லேசா தேச்சா போதும், என்னோடது இன்னும் மொத ஜிப்பு தான்.

பெருசா தேஞ்சது பிரேக் பேட் மட்டும் தான். லோடோட எறங்குறப்ப ஒரே பிரேக்க புடிச்சுக்கிட்டே வந்தா சக்கரத்தோட சுத்துற பிரேக் தட்டு, அதான் டிஸ்க், சூடாகி கருகுன வாசம் வரும், முன்னயும் பின்னயும் மாத்தி மாத்தி விட்டு விட்டுப் புடிக்கணும், நடுவுல நிறுத்தி ஆறவிடணும். எனக்கு கேபிள் இழுத்துப் புடிக்கிற டிஸ்க் பிரேக், அதனால பேட் தேயத் தேய கையாலயே டைட் வச்சுக்கலாம், ஒரு செட் பேட் ஹேண்டில் பார் பையிலயே கெடக்கும், ஏன்னா நத்தம் தாண்டுனா வழியில கெடைக்காது.